விளிம்பு இல்லாத படர்தாமரை: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, என் பிழை மூன்றும் நடந்தது நடந்தபடியே இருக்கின்றன.

வந்தது நகத்துக்காக

வயது 52. மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். அதற்கு முன்பு இருபது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். ஒன்பது வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), கூடவே ரத்தக்கொதிப்பு. மெட்ஃபார்மின், அம்லோடிபின் 5 மில்லிகிராம், ராத்திரியில் கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார். 'காஸ்ட்ரிக்' என்று யாரோ தொடங்கி வைத்த ஒமெப்ரசோலும் உண்டு. அதை யார் எதற்காக எழுதினார்கள் என்று அவருக்கே நினைவில்லை. இந்த நாலாவது மாத்திரையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

"ரெண்டு கட்டை விரல் நகமும் கெட்டுப்போச்சு டாக்டர். சப்பாத்து போட்டா உயிர் போகுது" என்றுதான் வந்தார். இரண்டு நகங்களும் தடித்து மஞ்சளாக இருந்தன, நுனியில் தசையை விட்டு எழும்பியிருந்தன. நம் ஊரில் நகச்சொத்தை என்று சொல்வது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

எழுந்து கதவருகே போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். "இன்னொண்ணு... சொல்லவே வெக்கமா இருக்கு." திரும்ப உட்கார வைத்துத் திரையை இழுத்தோம். இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கில், பின்புறத்தில் எல்லாம் படை. பதினாலு மாதமாக இருக்கிறதாம். பெண் டாக்டர் என்பதால்தான் வாயைத் திறந்ததாகப் பிறகு சொன்னார். அதுவரை எந்தக் கிளினிக்கிலும் நகத்தை மட்டுமே காட்டியிருக்கிறார்.

குழாயின் கதை

வேண்டுதலுக்காகப் பழனி போய்விட்டு, திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். அந்த வீட்டில் மூன்று பேருக்குப் படை இருந்திருக்கிறது. ஒரே கொடியில் துணி, ஒரே துண்டு. ஊர் திரும்பும் முன்னே இவருக்கும் இடுப்பில் அரிப்பு தொடங்கிவிட்டது. அங்கே மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு குழாயை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு குழாய் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

கடைசிக் குழாயை என் மேசையில் வைத்தார். பொடி எழுத்தில் குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். ஒரே குழாயில் நாலு மருந்து! டெர்பினாஃபின் பூஞ்சைக்கு. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இங்கே எந்த வேலையும் இல்லை. முதலில் இருக்கும் குளோபெட்டசால்தான் வில்லங்கம். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே அதிக வீரியமுள்ள வகை அது. பூசிய மறுநாளே சிவப்பு தணியும், அரிப்பு அடங்கும், 'கை மேல பலன்' என்று தோன்றும். பூஞ்சையை எதிர்த்துச் சண்டை போட வேண்டிய தோலின் கையைக் கட்டிப்போட்டதால் வந்த அமைதி அது. பூஞ்சை சத்தமில்லாமல் மேய்ந்துகொண்டே போகும்.

ஆறு குழாயும் தீர்ந்த பிறகு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டப்பா. உறையில் இலைப் படம் இருந்தது, 'மால்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் 'பூசினா உடனே கேக்குது, விட்டா திரும்ப வருது' என்று ஒருவர் சொல்லும்போது நான் ஊகிப்பது ஸ்டீராய்டைத்தான்.

இதற்கிடையில் நிஸ்டாட்டின் பூச்சும் பூசிப் பார்த்திருக்கிறார். அது கேண்டிடா என்ற ஈஸ்ட்டுக்கான மருந்து, படர்தாமரைப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அம்மா சொல்லிக்கொடுத்த சீமை அகத்தியும் அரைத்துப் போட்டிருக்கிறார். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்கிற அதே இலைதான். அதில் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும் சத்து இருக்கிறது, அம்மாக்கள் சொன்னது வெறும் கதையில்லை. ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்துபோன தோலில் அரைத்த இலையை அப்பினால் எரிச்சல்தான் மிச்சம்.

படர்தாமரை என்று பெயர் வைத்தவர்கள் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஆறிக்கொண்டே, விளிம்பில் சிவந்து தடித்து, இதழ் விரிவதுபோல வெளியே படரும். இவர் உடம்பில் அந்த விளிம்பே இல்லை. மங்கலான பழுப்பு நிறத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு படலம், ஆங்காங்கே சின்னக் கொப்புளங்கள். தொடையின் உள்பக்கத்தில் பிரசவக் கோடு மாதிரி வெளிறிய கோடுகள். ஸ்டீராய்டால் முகம் மாறிப்போன இந்தப் படைக்கு 'வேடமிட்ட டீனியா' (டீனியா என்பது படர்தாமரையின் மருத்துவப் பெயர்) என்ற பொருளில் 1968-லேயே மருத்துவ இதழில் பெயர் வைத்துவிட்டார்கள். எக்சிமா என்று நினைத்து இன்னும் வீரியமான ஸ்டீராய்டை எழுதிக் கொடுப்பது இதில் வழக்கமாக நடக்கும் விபத்து.

நான் செய்த பிழை

அன்று திங்கட்கிழமை, வெளியே கூட்டம். பார்த்ததும் பூஞ்சை என்று தெரிந்துவிட்டது, நகமும் பூஞ்சை மாதிரியே இருந்தது. கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தேன். முடிவு சரியாக இருந்ததால் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, நாலு வாரத்துக்கு எழுதினேன். "அந்தக் கிரீமைத் தொடாதீங்க அக்கா" என்றேன். தோலைச் சுரண்டிப் பார்க்கவில்லை. நகத்தை வெட்டி அனுப்பவும் இல்லை.

மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இந்த வகைப் பூஞ்சையின் மேலுறைக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் வேலையின் தொடக்கத்திலேயே ஒரு நொதியை டெர்பினாஃபின் அடைத்துவிடுகிறது. எர்கோஸ்டெரால் கிடைக்காமல் போவது ஒரு பக்கம். பாதியில் நின்ற மூலப்பொருளான ஸ்குவாலின் உள்ளேயே தேங்கிப் பூஞ்சையைக் கொல்வது மறுபக்கம். நகத்துக்கு இதுதான் முதல் தேர்வு. 1999-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் டெர்பினாஃபின் எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 76 பேருக்குப் பூஞ்சை போயிருந்தது. மாதம் ஒரு வாரம் என்ற கணக்கில் மூன்று சுற்று இட்ராகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை எடுத்தவர்களில் அது சுமார் 38 பேருக்குத்தான்.

நாலு வாரம் கழித்து வந்தார். படை முதுகு வரை ஏறியிருந்தது.

"கிரீமை விட்டீங்களா அக்கா?"

"அஞ்சு நாள் விட்டேன் டாக்டர். ஆறாம் நாள் நெருப்பு வெச்ச மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி பூரா உக்காந்தே இருந்தேன். அப்புறம் பூசிட்டேன்."

அவர்மேல் என்ன குற்றம்? ஒரு வருடத்துக்கு மேல் பூசிய ஸ்டீராய்டை நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் பன்மடங்காகத் திரும்பும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். 'தொடாதீங்க' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன்.

பிளேடும் கறுப்புத் தாளும்

இந்த முறை அவரைக் கடைசி ஆளாக உட்கார வைத்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) டார்ச் பிடித்தார். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பிளேடின் மொண்ணைப் பக்கத்தால், முதுகில் புதிதாகப் படர்ந்த ஓரத்தைச் சுரண்டினேன். கீழே மடித்துப் பிடித்த கறுப்புத் தாளில் கோதுமை மாவு சிந்தியதுபோல வெள்ளைச் செதில் விழுந்தது. வெள்ளைத் தாளில் பிடித்தால் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. இது புத்தகத்தில் படித்ததில்லை, பழைய மிஸ்ஸி ஒருவர் சொல்லிக்கொடுத்தது.

கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடினேன். தோல் செல்கள் கரைய ஒரு கால்மணி நேரம் ஆகும். நுண்ணோக்கியில் முதலில் ஒன்றுமில்லை. தகட்டை நகர்த்திக்கொண்டே போனால் மூங்கில்போல் கணுக்கணுவாக, கிளை பிரிந்து ஓடும் பூஞ்சை இழைகள். ஒரு பார்வைக் களத்துக்குள் ஏழெட்டு. ஸ்டீராய்டு பூசியவர்களிடம் இழைகள் இப்படி ஏராளமாகத்தான் இருக்கும். "இதுதாங்க்கா உங்க உடம்புல இருக்கு" என்று அவரையே பார்க்கச் சொன்னேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "செடி மாதிரி இருக்கே" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார். என் அறிவுரை செய்யாததை அந்தக் கண்ணாடித் தகடு செய்தது.

நகங்களையும் தனித்தனியாக எடுத்தேன். நுனியை வெட்டிவிட்டு, நகத்தின் அடியில், எவ்வளவு உள்ளே போக முடியுமோ அங்கிருந்து மாவாக உதிர்வதைச் சுரண்டினேன். நகம் கரைய இன்னும் நேரம் ஆகும். வலது நகத்தில் இழைகள் தெரிந்தன. இடது நகத்தில் இல்லை. இரண்டு தடவை பார்த்தும் இல்லை.

இடது காலைத் திரும்பப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் பழைய ரத்தக் கறை, விரல் நுனியில் காய்ப்பு. ரப்பர் பூட்ஸ் என்ன அளவு என்று கேட்டேன். மகனுடைய பழைய ஜோடியாம். இடது பூட்ஸின் முனை உள்ளே மடிந்திருக்கிறது. மேடும் பள்ளமுமான தோட்டத்தில் இறங்கும்போதெல்லாம் கட்டை விரல் அதில் போய் இடித்திருக்கிறது. உருக்கெட்ட நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மற்றவை அடி, சொரியாசிஸ், இறுக்கமான காலணி. அவற்றுக்கு மூன்று மாதம் பூஞ்சை மாத்திரை கொடுத்தால் கல்லீரலுக்கு வேலை வைத்ததுதான் மிச்சம்.

வலது நகத்தில், நல்ல நகம் முடிந்து கெட்ட நகம் தொடங்கும் எல்லையில் அரத்தால் ஒரு சின்னக் கோடு போட்டேன். நகக்கண்ணிலிருந்து அதுவரை 3 மில்லிமீட்டர். நகம் வளர வளரக் கோடு முன்னால் நகரும். கோட்டுக்குப் பின்னால் மஞ்சள் ஏறாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

செதில்களை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன், முடிவு வர நாலு வாரம் ஆகும். கிரீம் துளியும் இல்லாமல் டெர்பினாஃபினையே இன்னும் நாலு வாரம் தொடரச் சொன்னேன். ராத்திரி அரிப்புக்கு செட்டிரிசின், தோலுக்கு வெறும் வாசலின். "முதல் பத்து நாள் மோசமாத்தான் இருக்கும். எனக்கு போன் பண்ணுங்க, டப்பாவைத் தேடாதீங்க" என்றேன். இரண்டு முறை போன் செய்தார்.

இன்னும் படர்ந்தது

எட்டாம் வாரம். ஸ்டீராய்டு விலகியதும் படர்தாமரைக்கு விளிம்பு திரும்பிவிட்டது, வளையம் வளையமாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சுருங்கவில்லை. தோளில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. சாதாரணப் படர்தாமரை இரண்டு முதல் நாலு வார டெர்பினாஃபினில் அடங்கிவிட வேண்டும்.

வளர்ப்புச் சோதனையில் தோலிலிருந்து வந்தது டிரைக்கோஃபைட்டான் மென்டாகிரோஃபைட்டஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. நகத்திலிருந்து எதுவும் வளரவில்லை. நாலு வாரம் மாத்திரை கொடுத்த பிறகு அனுப்பினால் எப்படி வளரும்? இதுவும் என் கணக்கில்தான்.

இங்கே திருச்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். இந்தியாவில் சில வருடங்களாக லேசில் அடங்காத படை ஒன்று வீடு வீடாகப் பரவிவருகிறது. அதற்குக் காரணமான பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பயணிகளோடு அது வேறு நாடுகளுக்கும் போய்விட்டது. சாதாரண வளர்ப்புச் சோதனையில் மென்டாகிரோஃபைட்டஸ் கூட்டம் என்றுதான் தெரியும், மரபணுவைப் படித்தால்தான் இனம் பிரியும். அதன் பல வகைகளில், டெர்பினாஃபின் போய் அடைக்க வேண்டிய நொதியில் ஓர் இடம், 393 அல்லது 397-ஆவது கண்ணி (அமினோ அமிலம்), மாறியிருக்கும். பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி நுழையாது. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் பலன் இருக்காது.

மரபணுச் சோதனை நான் செய்யவில்லை. அதனால் இன்டோட்டினியேதான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பயண வரலாறு, ஒரே வீட்டில் பலருக்கு இருந்தது, எண்ணிக் கொடுத்த மாத்திரைக்கும் அசையாதது, இவற்றை வைத்து அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றினேன்.

ஒரு மாத்திரைக்காக மூன்றை நகர்த்தியது

இட்ராகொனசோல் அதே எர்கோஸ்டெரால் வேலையைப் பிந்தைய படி ஒன்றில் தடுக்கிறது. முன்படியில் பூட்டு மாறியிருந்தாலும் இங்கே சாவி நுழையும். தினம் 200 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். கால் நகத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட அளவு இதுவேதான் என்பதால் தோலுக்கும் நகத்துக்கும் ஒன்றே போதும்.

எழுதுவது ஒரு வரி. அந்த வரிக்கு முன்னால் அவருடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சிம்வாஸ்டாட்டினை உடைக்கும் கல்லீரல் நொதியை இட்ராகொனசோல் முடக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசை கரையலாம், சிறுநீரகம் கெடலாம். அதனால் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் வரை நிறுத்தினேன். அடுத்தது ஒமெப்ரசோல். இட்ராகொனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் ஒமெப்ரசோல் அணைத்துவிடுகிறது. அமிலம் குறைந்தவர்கள் கோலா பானத்தோடு விழுங்கலாம் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது, அதுவும் சர்க்கரை போட்ட கோலாவோடு. இனிப்புநீர்க்காரரிடம் இதை எப்படிச் சொல்வது! ஒமெப்ரசோலையே நிறுத்திப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை அவர் அதைத் திரும்பத் தொடவில்லை. கேப்சூலை ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு விழுங்கச் சொன்னேன்.

மூன்றாவது இதயம். இதயம் பலவீனமானவர்களுக்கு நகத்துக்காக இட்ராகொனசோல் கொடுக்கக் கூடாது. மூச்சிரைப்பு, ராத்திரி எழுந்து உட்காருவது, இப்படி எதுவும் அவருக்கு இல்லை. ஈசிஜியும் சரி. தொடங்கினோம்.

ஐந்தாம் வாரம் இரண்டு கணுக்காலும் வீங்கி வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அம்லோடிபினாலேயே கால் வீங்கும், அதன் அளவையும் இட்ராகொனசோல் ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆனால் இதயம் தளர்ந்தாலும் கால்தான் வீங்கும். நெஞ்சில் இரைச்சல் இல்லை, மூச்சு சீராக இருந்தது. இருந்தாலும் இட்ராகொனசோலை அன்றே நிறுத்தி, ஈப்போவுக்கு அனுப்பி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னேன். இதயம் நன்றாக இருந்தது. அம்லோடிபினுக்குப் பதில் பெரிண்டோபிரில் என்ற வேறு ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கொடுத்தேன். வீக்கம் வடிந்தது, ஒரு வார இடைவெளிக்குப் பிறகு இட்ராகொனசோல் தொடர்ந்தது. ஆறாம் வாரக் கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்தது.

நடுவில் அவர் கணவர் ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்து, "இது விலை கம்மி, இதையே குடுக்கலாமா?" என்று கேட்டார். கீட்டோகொனசோல் மாத்திரை. கல்லீரலைக் கெடுப்பதால் 2013-இல் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தோலுக்கும் நகத்துக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்து. பூச்சாகவும் ஷாம்பூவாகவும் அது நல்லதே. மாத்திரையாக வேண்டாம் என்று சொல்லி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வந்த மனிதரின் சிலிப்பரையும் கழற்றச் சொன்னேன். விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிய சேற்றுப்புண். "இது மழைக்காலத்துல எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். பேத்தியின் கழுத்தில் ஒரு வெள்ளிக் காசு அளவு வளையம். அவருக்கும் பேத்திக்கும் குளோட்ரிமசோல் பூச்சு, தினம் இரண்டு வேளை, வளையத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை வரை, மறைந்த பிறகும் இரண்டு வாரம். துண்டு ஆளுக்கொன்று. துணியைத் திருப்பிப் போட்டு வெயிலில் காயவைக்கச் சொன்னேன். லயத்து வீட்டில், மழை மாதத்தில், மூன்று பேர் துணிக்கு வெயிலைத் தேடுவது லேசான காரியமில்லை. அவர் மாமியார் காலத்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து, இடுப்புப் பட்டைகளை மட்டும் சூடாகத் தேய்த்துப் போட்டிருக்கிறார். எனக்குத் தோன்றாத யோசனை.

பதினோரு மாதம்

தோல் ஏழாம் வாரத்தில் தெளிந்தது. பன்னிரண்டாம் வாரம் முதுகிலும் இடுப்பிலும் மறுபடி சுரண்டிப் பார்த்தேன், இழைகள் இல்லை. தொடையில் இருந்த வெளிறிய கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. அவை போகாது.

நகத்துக்குத்தான் பொறுமை வேண்டும். கால் கட்டை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், முழுதாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். இவருக்கு அதைவிட மெதுவாகவே வளர்ந்தது. மாத்திரை நிறுத்திய மாதம் அளந்தபோது நகம் பாதிக்கு மேல் மஞ்சளாகவே இருந்தது. "மருந்து முடிஞ்சுது, நகம் அப்படியே இருக்கே டாக்டர்" என்று முகம் வாடினார். அரத்தால் போட்ட கோட்டைக் காட்டினேன். அது முன்னால் நகர்ந்திருந்தது, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் தெளிந்த நகம். மாத்திரையை நிறுத்தினாலும் இட்ராகொனசோல் நகத்துக்குள் பல மாதம் தங்கியிருக்கும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டாரே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

பதினோராம் மாதம் அளந்தபோது நல்ல நகம் 14 மில்லிமீட்டர். நுனியில் நகவெட்டியால் எடுத்துவிடக்கூடிய மஞ்சள்தான் பாக்கி. இது முதலில் கொடுத்த எட்டு வார டெர்பினாஃபினாலா, பிறகு வந்த இட்ராகொனசோலாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. மாத்திரைக்கு முன்னால் நகத்தை வெட்டி அனுப்பியிருந்தால் சொல்லியிருக்கலாம்.

இடது நகத்துக்கும் ஒரு மாத்திரை தரச் சொல்லிக் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுக்கவில்லை. மகன் ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான். ஆறு மாதம் கழித்து அந்த நகத்தை மறுபடி சுரண்டிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அடியில் இருந்த ரத்தக் கறை நுனிவரை நகர்ந்து வந்திருந்தது.